நின்ற வண்டி குழியில் விழுமா?

ஸ்டியரிங் உதறுகிறது என்று ஒரு வண்டி உள்ளே வந்தால், முதல் வேலையாக உங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஜாக்கியெல்லாம் அப்புறம். முப்பத்தோரு வருஷம் டயரும் ரிம்முமாகக் கிடந்தவன் சொல்கிறேன். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது. அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு நல்ல மனிதரின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

நம் பட்டறையில் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் மூன்று தம்பிகளுக்கும், பேலன்சிங் மெஷினில் நிற்கும் தங்கைக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மெஷினைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தச் சக்கரத்தில், எந்த இடத்தில், எத்தனை கிராம் வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. நீங்களும் அதில் என்னைவிட வேகமாக விரலை ஓட்டுகிறீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் தங்கள் சாமர்த்தியத்தைத்தான் எழுதுவார்கள்.

சரி, என் சாமர்த்தியத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தப்பு எங்கிருந்து முளைத்தது என்று உங்களுக்குப் புரியாது.

பூதலூர்ப் பக்கம் ஒரு விவசாயி. அவருடைய கார் எழுபதைத் தாண்டினால் உதறுகிறது. இரண்டு கடையில் அலைன்மெண்ட் பார்த்தாகிவிட்டது. ஒரு கடையில் அடிப்பாகம் முழுக்க மாற்றச் சொல்லிவிட்டார்களாம். மனுஷன் அழாத குறையாக என்னிடம் வந்தார். வண்டி பளபளவென்று கழுவியிருந்தது. ஆனால் அவர் செருப்பைப் பார்த்தேன், வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நேராகப் போய்ச் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டேன். கெட்டியாக, அடை மாதிரி, காய்ந்த களிமண் ஒரு பக்கமாக அப்பியிருந்தது. நடவு சமயத்தில் வண்டியை வரப்போரம் இறக்கியிருக்கிறார். கழுவுகிறவன் வெளியே கழுவுவான், உள்ளே யார் குனிந்து பார்க்கிறார்கள்? ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்தேன், உதறல் போயே போய்விட்டது. அறுப்பு முடிந்ததும் அவர் ஒரு மூட்டை புது அரிசியோடு வந்து இறங்கினார். அரிசி தீர்ந்துவிட்டது, அவர் ஊரெல்லாம் பரப்பிய பேச்சு தீரவில்லை. வண்டி கேட்டுக்குள் திரும்பும்போதே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பேர் வந்தது. பேர் வந்தால் அதைக் காப்பாற்ற வேண்டுமே, அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

இது நடந்து சில வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதம். கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். கையில் நேரம் இருப்பதால் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை, நம் பட்டறைக்கு வண்டிகள் வருவதும் அப்போதுதான் அதிகம். அப்படி வந்தது ஒரு வெள்ளைக் கார். சொந்தக்காரர் நாகப்பட்டினத்தில் படகு வைத்திருப்பவர். வண்டியைக் கொண்டு வந்தவர் அவருடைய டிரைவர். வளைகுடாவில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இங்கேயும் அந்தப் பெயரே போதும்.

டயரை மாற்றிப் போட வேண்டும் என்றார். முன்னால் இருப்பது பின்னால், பின்னால் இருப்பது முன்னால், நீங்கள் தினம் செய்கிற வேலைதான். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் ஐந்து வண்டி வரிசையில் நின்றது. "எறங்குங்க பாய், எறங்குங்க. வேலை கெடக்கு" என்று நான் தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்துக்கு முன் நான்கு சக்கரத்துக்கும் நாமே பேலன்ஸ் செய்த வண்டி என்று கணினியில் இருந்தது. அதனால் மெஷினில் ஏற்றவில்லை. நான்கையும் கழற்றினேன், இடம் மாற்றி மாட்டினேன், நட்டு முறுக்கினேன், அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே அதே கார் வந்து நின்றது. இந்த முறை பின்சீட்டில் படகுக்காரர். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், பட்டறை முழுக்கக் கேட்டது.

"என்னங்க வேலை பாத்தீங்க? நேத்து இங்கேருந்து திரும்பும்போதே உதற ஆரம்பிச்சிருக்கு. எம்பதுல ஸ்டியரிங்கப் புடிக்க முடியலங்குறாரு பாய்."

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முதலில் நட்டுகளைப் பார்த்தேன். டயர் மாற்றிய மறுநாள் உதறல் என்றால் முதலில் நட்டுதான், அதில் மட்டும் யாருக்காகவும் அவசரப்படாதீர்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தன. பேரிங்கில் ஆட்டம் இல்லை. புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். எழுபதில் தொடங்கி, எண்பதில் மணிக்கட்டு வரை ஏறியது, நூறில் கொஞ்சம் அடங்கியது. சக்கரத்தில்தான் கோளாறு என்பது தெரிந்துவிட்டது. மெஷினில் ஏற்றினால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் வெளியே வந்துவிடும்.

ஆனால் அன்றைக்கு நம் பகுதியில் மாதாந்திர மின் பராமரிப்பு. மாலை ஐந்து மணி வரை கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரும் பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "கரண்ட் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன்" என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேரைக் கேள்விப்பட்டு வந்தவர்கள் அவர்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, டாக்டர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ரிம்மில் நெளிவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தும் வாய் சொல்லிவிட்டது.

"எங்கயோ நல்ல குழியில எறக்கியிருக்கீங்க. ரிம்மு உள்ளுக்குள்ள அடி வாங்கியிருக்கு. பின்னாடி இருந்தவரைக்கும் தெரியல, முன்னாடி வந்ததும் காட்டிக்கொடுத்துருச்சு."

பாதி உண்மை அதில் இருந்தது, அதுதான் விபரீதம். பின்சக்கரத்தில் இருக்கும் கோளாறு ஸ்டியரிங்கில் அவ்வளவாகத் தெரியாது. சக்கரம் முன்னால் வந்ததும் கையில் தெரியும். ஆக, கோளாறு பழசு, நம் பட்டறையின் வேலையால் வந்ததில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். குழி என்பது மட்டும் என் சொந்தக் கற்பனை.

படகுக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன பாய்? எங்க எறக்குனீங்க?"

"எங்கயும் இல்ல மொதலாளி."

"போன வாரம் என் மச்சானப் பட்டுக்கோட்டையில விட்டுட்டுத் தனியாத்தான வந்தீங்க?"

"ஆமா. குழியில எல்லாம் விடல மொதலாளி. விட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"இவரு இத்தன வருஷமா இதே வேலை பாக்குறவரு. அவரு பொய் சொல்றாரா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

"வண்டி அடிபட்டாக்கூடப் பரவால்ல பாய், மறைச்சீங்க பாருங்க" என்றார் படகுக்காரர். "சாவியக் குடுங்க."

அவரே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அறுபதுக்கு மேல் போகாதீர்கள், நாளைக்கு ரிம்மை மாற்றிவிடலாம் என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். பாய் பட்டறை வாசலிலேயே நின்றார். தானே ஓட்டிக்கொண்டு வந்த வண்டி தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் டிரைவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாலையைக் கடந்து, எதிரே பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார். ஒரு நாகை வண்டி வந்தது, அவர் ஏறவில்லை. திரும்ப இந்தப் பக்கம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் தோளை நிமிர்த்திக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"தடைக்காலம் ஆரம்பிச்சதும் வண்டி எட்டு நாள் ஷெட்ட விட்டு வெளிய வரல. அதுக்கு முன்னாடி வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ஒம்பதாம் நாள் பட்டுக்கோட்டைக்கு எடுத்தேன். ஊரத் தாண்டி வேகம் புடிச்சதுமே, மொதலாளி மச்சான் பின்சீட்டுலேருந்து 'என்ன பாய், கால் கூசுது'ன்னாரு. போகும்போதே. அப்ப இன்னும் ஒரு குழியக்கூட நான் பாக்கல. நின்ன வண்டி எப்படிண்ணே குழியில விழும்?"

ரொம்ப நாள் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று ஏதோ முனகினேன்.

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன். டயர மாத்திப் போட்டா சரியாப் போயிரும்னு மொதலாளிகிட்ட நான்தான் சொல்லிக் கொண்டாந்தேன். நேத்து வந்ததுமே உங்ககிட்ட இதச் சொல்ல வந்தேன். எறங்குங்க எறங்குங்கன்னுட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன்.

"பதினோரு வருஷம் வெளிநாட்டுல ஓட்டுனேண்ணே. திரும்பி வந்தப்ப என் பொண்ணு என்னப் பாத்துட்டு அவ உம்மாகிட்ட 'யாரோ வந்திருக்காங்க'ன்னு சொல்லுச்சு. இப்ப ஒரு வருஷமாத்தான் வாப்பான்னு கூப்பிடுது. இந்த வேலை போச்சுன்னா எனக்கு இங்க வேற போக்கில்ல. மறுபடி விமானம்தான். சண்டை போட வரலண்ணே. நல்லா யோசிச்சுப் பாத்துட்டு மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

அடுத்த நாகை வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலை கரண்ட் வந்தது. மெஷின் இருந்தது, ஆனால் அதில் ஏற்ற வேண்டிய சக்கரம் நாகப்பட்டினத்தில் இருந்தது. படகுக்காரருக்கு ஃபோன் செய்தேன். "ரிம்மெல்லாம் அடுத்த வாரம் பாக்கலாங்க. மொதல்ல வேற டிரைவர் பாக்கணும்" என்று வைத்துவிட்டார். மறுநாள் எனக்கு வார விடுப்பு. ஒரு பையில் கொறடும் டார்ச்சும் கொஞ்சம் ஈய வெயிட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெயிட் என்றால், சக்கரம் ஒரு பக்கமாக இழுக்காமல் சமமாகச் சுற்ற ரிம் விளிம்பில் கவ்விக்கொண்டிருக்குமே, அந்தச் சின்ன ஈயத் துண்டுகள். "லீவு நாள்லயும் வீடு தேடிப் போயி வைத்தியம் பாக்கப் போறாரு பெரிய டாக்டரு" என்று என் மனைவி கேலி செய்தாள். நோயாளி யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

திருவாரூர் வழியாகப் பேருந்து. அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வழி முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். எட்டு நாளும் நின்றுகொண்டிருந்த வண்டிக்கு என்ன ஆகியிருக்கும்? எலி புகுந்து எதையாவது கடித்ததா, கடற்காற்றில் பிரேக் பிடித்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் எண்பதில் வந்து உதறுகிற வியாதி இல்லை.

படகுக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கார் மூக்கை உள்ளே விட்டுப் பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. கொட்டகை வாசலில், காருக்குப் பின்னால், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பாதி முடிந்த வீச்சுவலை. நான் கிட்டே போகும்போது அவர் ஒருக்களித்துக் குனிந்து, கையில் கொறடோடு, பின்சக்கரத்தில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்.

டக் என்று ஒரு சத்தம். ஈய வெயிட் ஒன்று கழன்று அவர் கையில் வந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன பெரியவரே பண்றீங்க?"

"பாத்தா தெரியல? வலைக்கு ஈயம். ஏழெட்டுக் குண்டு கொறையுது." நிமிர்ந்து பார்த்தார். "தம்பி யாரு?"

"தஞ்சாவூருங்க. டயர் பட்டறை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா அது! நல்ல கடைப்பா ஒங்க கடை. போன வாரம் இந்த ரெண்டு சக்கரத்துலயும் இருந்ததெல்லாம் நான் எடுத்துட்டேன். ஒங்க கடைக்குப் போயிட்டு வந்து பாத்தா, எடுத்த எடத்துலயே புதுசா வச்சு அனுப்பியிருக்கீங்க! அடுத்தவாட்டி கொஞ்சம் பெருசா வைங்களேன், குண்டு சின்னதாப் போயிருது."

புதுசாக யாரும் வைக்கவில்லை. போன வாரம் அவர் ஈயம் பிடுங்கிய இரண்டு பின்சக்கரங்களை நான்தான் முன்னால் கொண்டுபோய் மாட்டினேன். இப்போது பின்னால் இருப்பவை பழைய முன்சக்கரங்கள். கொட்டகைக்குள் நுழைந்து, டார்ச்சை அடித்து, முன்சக்கரங்களைப் பார்த்தேன். ரிம் விளிம்பில் கொறடு கீறிய தடம் பளிச்சென்று இருந்தது, வெயிட் இல்லை. முந்தின நாள் இதே ரிம்மைக் கண்ணுக்கு நேராகச் சுற்றிப் பார்த்தவன் நான். நெளிவைத் தேடினேனே தவிர, இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

பெரியவர் படகுக்காரரின் அப்பா. கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டதாம், பொழுதுபோக்குக்கு வீச்சுவலை கட்டி ஆற்று முகத்துவாரத்தில் வீசுகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். இந்தத் துண்டு ஈயமா அவ்வளவு பெரிய வண்டியை ஆட்டுகிறது என்று முதலில் நம்பவில்லை. பிறகு மடியில் கிடந்த வலையைப் பார்த்தார். அதன் விளிம்பைக் கையில் எடுத்து, குண்டு கட்டாமல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இந்த எடத்துல குண்டு இல்லாம வீசுனா வலை வட்டமா விரியாது. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு விழும். அதானா?"

"அதேதாங்க பெரியவரே."

ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். எத்தனையோ படித்த வாடிக்கையாளர்களுக்கு நான் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன்.

"வண்டி ஆடுனதுக்குப் பாய் என்ன பண்ணுனாரு?" என்றார் பிறகு. "நேத்து மவன் சாவிய ஆணியில மாட்டிட்டு ஒண்ணும் பேசாம போயிட்டான். பாய் ஏன் வரலன்னேன். மூஞ்சியக் காட்டுனான்."

நடந்ததைச் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துத்தான். பெரியவர் கொறடைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க, பாய் வூட்டுக்குப் போவோம். எம்பாவத்த அவரு தலையில கட்டியிருக்கான்" என்றார். அதற்குள் படகுக்காரரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

தம்பிகளே, இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. பெரியவர் கையில் ஈயம் இருக்கிறது. அதைக் காட்டினால் போதும், கதை முடிந்தது. மகன் அப்பாவைத் திட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள், குழி என்று நான் சொன்னதை யாரும் நினைக்கவே மாட்டார்கள். எவ்வளவு வசதி! ஆனால் பெரியவர் ஈயத்தை எடுத்ததால் பாய்க்கு வேலை போகவில்லை. நான் குழி என்றதால் போனது.

"குழின்னு நேத்து நான் சொன்னது தப்புங்க. வண்டி எந்தக் குழியிலயும் விழல. மெஷின் ஓடல, அதனால வாய ஓட்டிட்டேன்" என்றேன். ஈயத்தின் கதையை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

படகுக்காரர் அப்பாவைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லவேண்டியதுதானங்க? நான் என்ன ஒங்களக் கடிச்சா தின்னுருப்பேன்?"

முதலில் பாயைக் கூப்பிட்டு அனுப்புங்கள் என்றேன்.

ஆள் அனுப்பிப் பாயை வரவழைத்தார்கள். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கணக்கு முடித்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வீடுகளில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ என்று எழுந்து வந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று, அவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன்: "பாய், நீங்க கேட்டது சரி. நின்ன வண்டி குழியில விழாது. நான் சொன்னதுதான் தப்பு."

பாய் அருகே இருந்த கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பெரியவர் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பாயிடம் கொடுத்தார்.

"புடிங்க பாய். தப்பு எம்மேல. இனிமே இந்தச் சக்கரத்துப் பக்கமே போவமாட்டேன். வலை மேல சத்தியம்."

படகுக்காரர் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். "தஞ்சாவூர் போவணும் பாய். எடுங்க" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். பாய்க்கு அது போதுமானதாக இருந்தது என்பதை, கண்ணாடியைச் சரிசெய்யும் சாக்கில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அறுபதைத் தாண்டாமல் பட்டறைக்கு வந்து சேர்ந்தோம். முந்தின நாள் நான் பேசியதைக் கேட்டவர்களில் பாதிப் பேராவது இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். டீ கொண்டு வருபவரையும் நம் ஆட்களையும் தவிர யாரும் இல்லை. இருந்தவர்களிடம் சொன்னேன். நம் ஆட்கள் அன்றிலிருந்து ஒரு வருஷம் என்னைக் "குழி டாக்டர்" என்று கூப்பிட்டார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

நான்கு சக்கரத்தையும் மெஷினில் ஏற்றினோம். எங்கே ஈயம் போயிருந்ததோ அங்கேயெல்லாம் அது சரியாகக் காட்டியது. வெயிட் அடித்து, மாட்டி, புறவழிச்சாலைக்குப் போனோம். பாய்தான் ஓட்டினார். எழுபது, எண்பது, தொண்ணூறு. ஸ்டியரிங் சும்மா கிடந்தது. பின்னாலிருந்து படகுக்காரர், "கால் கூசல பாய்" என்றார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம். என் வேலைக்காலத்தில் எத்தனையோ வண்டிகளைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் போல் ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டவை பெரிய விஷயங்கள் இல்லை. டயரை இடம் மாற்றும்போது ரிம் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுவேன். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், வண்டியைக் கொண்டு வந்தவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க விடுவேன். எப்போதிலிருந்து என்று கேட்பேன், அதற்கு முன் வண்டி எங்கே நின்றது என்றும் கேட்பேன். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லும் ஆசை வரும்போது, டீ சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பேன். என் டீச் செலவு அதிகமானது உண்மைதான். நீங்கள் அவரவர் வழியில் ஏதாவது செய்துகொள்ளுங்கள். நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பி வண்டிக்காரர் ரிம்மை மட்டும் மாற்றுவதில்லை, சில சமயம் ஆளையே மாற்றிவிடுகிறார்.

பட்டறை மூலையில் கழற்றிய பழைய வெயிட் போடுகிற டப்பா ஒன்று இருக்கிறதே, அதை யாரும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அது நிறைந்ததும் நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டும். பெரியவர் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். நாம் நம் பங்கைக் காப்பாற்ற வேண்டும். பதிலுக்கு நெத்திலிக் கருவாடு வரும், சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலை, அந்த வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பாய் இறங்கினார். முதலாளியிடம் கேட்டு வண்டியை எடுத்து வந்திருந்தார். அவர் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், நடுவில் அவர் ஒரு தடவைகூட விமானம் ஏறவில்லை. "ஒங்கள வீட்டுல விடணும்ணே" என்றார். மாலையும் பரிசுப் பையுமாக நான் பின்கதவைத் திறக்கப் போனேன். அவர் மறித்துக்கொண்டு, சாவியை என் கையில் வைத்தார்.

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து கால் கூசுதான்னு பாத்துச் சொல்றேன்."

என் வீடு பட்டறையிலிருந்து பத்து நிமிஷம்தான். அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பும் சாலையை விட்டுவிட்டு, புறவழிச்சாலையில் ஏற்றினேன். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒற்றை விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. என்ன பாய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பாய் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.